பப்ளிக் ஹியூமானிட்டீஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

இலக்கியம், வரலாறு, மெய்யியல், கலை என்று உழைப்பவர்கள் தங்கள் வேலையைப் பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே கொண்டுவந்து மற்றவர்களோடு பேசுவதற்குத்தான் பப்ளிக் ஹியூமானிட்டீஸ் என்று பெயர். அருங்காட்சியகக் காட்சி, வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு, பாட்காஸ்ட், ஓவியர் பட்டறையைத் திறந்துவைத்து விளக்குவது எல்லாம் இதில் வரும்.

ஹியூமானிட்டீஸ் என்ற சொல்லின் வேர் லத்தீன். கி.மு. 62இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ நீதிமன்றத்தில் ஒரு கவிஞருக்காக வாதாடியபோதே ஹுமானிடாஸ், அதாவது மனிதத்தன்மை, சார்ந்த கல்வி என்று பேசியிருக்கிறார். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இலக்கணம், பேச்சுக்கலை, வரலாறு, கவிதை, அறவியல் ஆகிய ஐந்தும் அந்தப் பெயருக்குள் வந்தன.

ஹியூமானிட்டீஸை ‘மானுடவியல்’ என்று எழுதுவது தவறு. அது ஆந்த்ரபாலஜி, மனிதச் சமூகங்களை ஆராயும் தனித் துறை. ‘மனிதநேயம்’ இன்னும் விலகிப்போகிறது. ‘மானுடப் புலங்கள்’ பொருந்தும். புலம் என்றால் வயல், அறிவு என்றும் பொருள். புலமையும் புலவரும் அந்தக் குடும்பம்தான்.

சரி, பப்ளிக்? லத்தீனில் அது மக்களைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. நம் ‘பொது’ எல்லோருக்கும் உரியது என்று மட்டும் சொல்லும். ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்கள் கூடிய இடத்துக்கு ‘அம்பலம்’ என்ற நல்ல சொல் இருந்தது. இன்று ஊழலைத்தான் அம்பலப்படுத்துகிறோம். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியில் பழைய பொருள் மிச்சமிருக்கிறது. அங்கேயும் எல்லோருக்கும் இடமில்லை, பாருங்கள்!

அப்புறம், ‘அரங்கேற்றம்’ போதாதா என்று கேட்பார்கள். நூலுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே சொல் என்பது அழகுதான். ஆனால் தொல்காப்பியத்தைப் பாண்டியன் அவையில் கேட்டவர் அதங்கோட்டாசான் என்ற புலவர். சிலப்பதிகாரத்து மாதவி ஆடிக்காட்டியது சோழ மன்னனுக்கு. எதிரே இருப்பவர் தேர்வு வைக்க வந்தவர். பப்ளிக் ஹியூமானிட்டீஸில் கேட்க வந்தவரும் தன் வீட்டுக் கதையையோ பழைய படத்தையோ கொண்டுவந்து கொடுப்பார், ஆய்வாளர் சொன்னதைத் திருத்தவும் செய்வார்.

அதனால் பாடத்திட்டத்திலும் ஆவணத்திலும் ‘பொதுவெளி மானுடப் புலங்கள்’ என்று எழுதலாம். கொஞ்சம் விறைப்பான தொடர்தான். பேச்சுக்கு என் தேர்வு ‘புலமைப் பகிர்வு’. ‘இந்த ஞாயிறு நூலகத்தில் புலமைப் பகிர்வு இருக்கிறது, பழைய கடிதங்கள் இருந்தால் எடுத்து வாருங்கள்’ என்று சொன்னால் யாருக்கும் புரியும்.