பூட்: சொல்லும் பொருளும்

கோவையிலும் திருப்பூரிலும் கணினி பழுது பார்ப்போர் நாள்தோறும் சொல்லும் ‘பூட் ஆகவில்லை’ என்பதில் உள்ள ‘பூட்’ ஆங்கிலச் சொல்; நம் ஊரில் வண்டி பூட்டுவதற்கும் கதவுப் பூட்டுக்கும் அதனோடு உறவில்லை, ஒலி ஒப்புமை மட்டுமே. மின்சாரம் பாய்ந்தது முதல் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் நினைவகத்தில் ஏறி இயங்கத் தொடங்கும் வரை நடப்பன அனைத்தையும் அது குறிக்கிறது.

இதன் முழு வடிவம் ‘பூட்ஸ்ட்ராப்’, அதாவது உயரமான காலணியை இழுத்து மாட்ட அதில் தைத்திருக்கும் வார். அந்த வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று நடவாத செயலைச் சுட்டிய ஆங்கில வழக்கு, 1950களில் கணினித் துறைக்கு வந்தது. மின்சாரம் வந்தவுடன் முதன்மை நினைவகம் வெறுமையாக இருக்கிறது; வட்டிலுள்ள நிரலை அதில் ஏற்ற வேறொரு நிரல் வேண்டும்; அப்படியானால் அந்த நிரலை ஏற்றுவது எது? கொங்கு நாட்டு உழவருக்கு இது புதிரன்று. கிணற்று மேட்டு மோட்டார் காற்றிழுத்து நின்றுவிட்டால், தண்ணீர் இறைப்பதற்கு முதலில் பம்புக்குள் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அந்த முதல் குடத்தைப் போன்றதே தாய்ப்பலகையில் (மதர்போர்டு) உள்ள சில்லில் நிலையாகப் பதித்திருக்கும் சிறு நிரல். முன்பு அதற்குப் பயாஸ் என்று பெயர். இப்போது அவ்விடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது, பேச்சில் பயாஸ் என்றே நீடிக்கிறது.

தமிழில் ‘தொடக்கம்’ என்று மட்டும் சொன்னால் எந்தச் செயலியின் தொடக்கமும் அதில் அடங்கிவிடும் என்பதால், ‘இயக்கத் தொடக்கம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பது போன்றவற்றை அந்தச் சிறு நிரலிடம் சொல்லிவைக்கும் ‘பூட் செட்டிங்’ என்பதை ‘இயக்கத் தொடக்க அமைவுகள்’ எனலாம்.

இவ்வமைவுகள் இயங்குதளத்திற்கு முந்திய அடுக்கில் இருப்பதால், அவற்றுக்குள் நுழைய முடியாதபோது விண்டோஸை மீண்டும் நிறுவுவது பெரும்பாலும் வீண் வேலை. கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தியும் அமைவுத் திரை வராததற்கு, விசைப்பலகையைச் சோதிக்காமலே தாண்டிச் செல்லும் ‘ஃபாஸ்ட் பூட்’ என்ற அமைவு காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் வரும் பட்டியல் வழியாக, யூஇஎஃப்ஐ உள்ள கணினியில், அமைவுகளை அடையலாம். விண்டோஸும் வரவில்லையெனில், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 பொத்தான் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பல பலகைகளில் அமைவுகள் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பும். கடிகாரமும் பழைய தேதிக்குப் போய்விடும் என்பதால் அதையும் சரிசெய்ய வேண்டும்.