கல்லில் வரைந்த கிராமத்து வீடு

1934இல் நியூயார்க்கில் தொடங்கிய 'அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ்' நிறுவனம், ஓவியர் கையெழுத்திட்ட அசல் கல்லச்சுப் படங்களை 5 டாலருக்கு விற்றது. தாமஸ் ஹார்ட் பென்டன், ஜான் ஸ்டூவர்ட் கரி, கிராண்ட் வுட் போன்றவர்கள் வரைந்த பண்ணைகளும் கிராமத்து மனிதர்களும் இப்படித்தான் சாதாரண வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 250 பிரதிகள். அத்தனையும் கல்லில் கையால் வரைந்த ஒரே சித்திரத்திலிருந்து எடுத்தவை.

அந்தக் கல்லில் செதுக்கல் எதுவும் கிடையாது. பிறகு எப்படிப் படம் தாளில் விழுகிறது என்று கேட்டால், எண்ணெயும் தண்ணீரும் சேராது, அவ்வளவுதான் என்று பலர் விளக்கத்தை முடித்துவிடுவார்கள். அது பாதிதான். எண்ணெய்க்கு ஓர் இடம், தண்ணீருக்கு ஓர் இடம் என்று கல்லையே பிரித்து வைப்பதில்தான் வித்தை இருக்கிறது.

ஜெர்மனியின் ஸோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல் இதற்குப் பேர்போனது. 1790களின் பிற்பகுதியில் அலோய்ஸ் செனஃபெல்டர் இந்த முறையைக் கண்டுபிடித்ததும் அதில்தான். கல்லைத் தேய்த்துச் சமப்படுத்தி, மெழுகு, கொழுப்பு, சோப்பு, விளக்குக்கரி கலந்த பென்சிலால் ஓவியர் வரைவார். தாளில் இடவலம் மாறி விழும் என்பதால் எல்லாமே திருப்பிப் போட்ட படம்.

அப்புறம் வேலம்பிசினில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து கல் முழுக்கப் பூசுவார்கள். வரைந்த இடத்தில் பென்சிலின் கொழுப்பு அமிலங்கள் கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாகின்றன. வரையாத இடத்தில் பிசின் மெல்லிய படலமாகப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தக்கவைக்கிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். டர்பன்டைன் ஊற்றித் துடைத்ததும் படம் அப்படியே போய்விடும். கல்லில் ஒரு கிராமத்துக் குடும்பத்தை வரைந்திருந்தால், தாயின் முகம், குழந்தையின் கை, விளக்கு எல்லாம் மறைந்து, மங்கலான தடம்தான் மிஞ்சும். ஆனால் சோப்புப் படலம் கல்லோடு கல்லாக இருக்கிறது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மை உருளையை உருட்டினால், ஈரம் நிற்கும் இடம் எண்ணெய் மையைத் தள்ளிவிடும், கொழுப்புள்ள இடம் வாங்கிக்கொள்ளும். நாலைந்து முறை உருட்டுவதற்குள் குடும்பம் மறுபடி முழுதாக வந்து நிற்கும். தாளை வைத்து அழுத்தி எடுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு பிரதிக்கும் ஈரம், மை, அழுத்தம் மூன்றும் புதிதாகத் தர வேண்டும்.

அந்தக் காலத்துப் படம் ஒன்று கைக்குக் கிடைத்தால் நிழல் விழும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசல் கல்லச்சில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்றும் இல்லை. கல்லின் சொரசொரப்பில் பென்சில் தொட்ட மேடுகள்தான் ஒழுங்கற்ற கரும்புள்ளிகளாக விழுந்திருக்கும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால், அது புகைப்படம் எடுத்து ஆஃப்செட்டில் அச்சடித்த நகல்.