சிவப்புப் புள்ளி ஏன் நட்சத்திரத்தை விட்டு நகர்வதில்லை?

புதிதாகத் தொலைநோக்கி வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நிலா சிக்குகிறது, வேறு எதுவும் சிக்கமாட்டேன் என்கிறது. குழலுக்கு மேலே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது. அது எதையும் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. போதாததற்கு, தலையை அசைத்தால் புள்ளியும் கண்ணாடிக்குள் அசைகிறது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?”

இல்லை. புள்ளி அப்படி அசைவதுதான் கருவி ஒழுங்காக இருப்பதற்கு அடையாளம். பெரிதாக்கிக் காட்டாததும் குறையல்ல, அதற்காகத்தான் அதை மாட்டியிருக்கிறார்கள்.

முதலில், தேடுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு உருப்பெருக்கம். சாதாரண ஐபீஸ் என்றால் அதில் தெரியும் வானத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. தொடுவானத்துக்கு மேலே தெரியும் அரைக்கோள வானத்தின் பரப்பு 20,000 சதுர பாகைக்கும் அதிகம். அந்தச் சின்ன வட்டத்தால் அதை நிரப்ப 26,000 வட்டங்கள் வேண்டும். குத்துமதிப்பாகத் திருப்பினால் ஒன்றும் சிக்காததில் வியப்பில்லை. நிலா சிக்குவது அதன் வெளிச்சத்தால்தான்.

இதற்காகவே குழலின் மேல் சின்னத் தொலைநோக்கி ஒன்றைப் பொருத்துவது பழைய வழக்கம். அது ஆறு முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், ஐந்தாறு பாகை வானத்தைக் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் பெரும்பாலானவற்றில் படம் தலைகீழாகத் தெரியும். அதோடு, வெறுங்கண்ணுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் இருந்த இடத்தில் அதில் பத்து நட்சத்திரங்கள் நிற்கும். வரைபடத்தில் பார்த்தது எது, இது எது என்று புதியவர் திணறிப்போவார். சிவப்புப் புள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு, எப்போதும் பார்க்கிற அதே வானத்தைப் பார்க்கிறீர்கள். அதன் மேல் “தொலைநோக்கி இப்போது இங்கே பார்க்கிறது” என்று யாரோ சிவப்பு மையால் குறி வைத்த மாதிரி இருக்கும்.

சரி, அந்தக் குறி எப்படி அங்கே போய் உட்கார்ந்தது? எனக்கு அலுக்காத இடம் இதுதான்.

குறி பார்க்க எளிய வழி, குழலின் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு ஆணிகளை நட்டு, இரண்டும் நட்சத்திரத்தோடு ஒரே கோட்டில் வரும்படி பார்ப்பது. ஒரே ஒரு ஆணி போதாதா? போதாது. கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஓர் ஆணி இருக்கிறது என்று வையுங்கள். தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஆணி காட்டும் திசை அரைப் பாகைக்கு மேல் மாறிவிடும். அது நிலாவின் அகலத்தைவிட அதிகம். தலையை ஒரே இடத்தில் பிடித்துவைக்கத்தான் இரண்டாவது ஆணி. அப்போதும் ஒரு சிக்கல் மீதமிருக்கும். கண்ணால் பக்கத்து ஆணியையும் தூரத்து நட்சத்திரத்தையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது.

இந்த இரண்டு சிக்கலும் ஒரே அடியில் தீருகின்றன. குவிலென்ஸின் குவியத்தில் ஓர் ஒளிப்புள்ளியை வைத்தால், மறுபக்கம் வெளியேறும் கதிர்கள் எல்லாம் இணையாகப் போகும். பத்தாம் வகுப்பில் எல்லோரும் வரைந்த படம். நட்சத்திரத்தின் கதிர்களும் அத்தனை தூரம் கடந்து வருவதால் நம் மொட்டை மாடியை இணையாகவே வந்தடைகின்றன. ஆக, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் எல்.ஈ.டி-க்கும் பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரத்துக்கும் கண்ணைப் பொறுத்தவரை வேறுபாடே கிடையாது. இரண்டும் முடிவிலியில் இருக்கின்றன, இரண்டும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன.

இப்போது கண் என்ன செய்கிறது? ஒரே திசையில் வரும் கதிர்களை எல்லாம் விழித்திரையில் ஒரே இடத்தில் சேர்க்கிறது. கதிர் கண்மணியின் எந்த ஓரத்தில் நுழைந்தது என்பது பொருட்டில்லை, திசை மட்டுமே கணக்கு. தலையை ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்துங்கள். முன்பு கண்ணில் விழுந்த கதிர்கள் இப்போது தவறிப்போகும். அவற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி அதே திசையில் வந்துகொண்டிருந்த வேறு கதிர்கள் கண்ணில் விழும். அவை கண்ணாடியின் வேறொரு பகுதியிலிருந்து வருவதால், சட்டத்தோடு ஒப்பிட்டால் புள்ளி நகர்ந்துவிட்டது. திசை மாறாததால், நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் புள்ளி அசையவே இல்லை. ஓடும் ரயிலில் தந்திக் கம்பங்கள் பின்னால் போக நிலா மட்டும் கூடவே வருகிறதே, அதே சங்கதிதான். வாசகர் சட்டத்தைப் பார்த்திருக்கிறார், அதனால்தான் பழுது என்று தோன்றியது. நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிப் பாருங்கள், புள்ளி அதை விட்டு நகராது.

சின்ன ரெட் டாட் வகையில் தனி லென்ஸ் இருக்காது. அந்தக் கண்ணாடித் துண்டே லேசாக வளைந்து, சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சோடு குழி ஆடியாக வேலை செய்யும். அதன் குவியத்தில் எல்.ஈ.டி இருக்கும். டெல்ராட் என்ற பெரிய வகையில் லென்ஸ் கீழே பெட்டிக்குள் இருக்கிறது. மேலே 45 பாகை சாய்ந்து நிற்பது வெறும் தட்டைக் கண்ணாடி. வெறும் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சில சதவீத ஒளியைத்தான் திருப்பும், இருட்டில் அதுவே தாராளம். இதில் ஒரு கேள்வி எழ வேண்டும்: கண்ணாடிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு இருக்கிறதே, அப்படியானால் பிம்பமும் இரண்டாகத் தெரியாதா? இரவில் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்து விளக்கு இரட்டையாகத் தெரிவது உண்மைதான். ஆனால் இங்கே விழுவது இணைக்கதிர்கள், கண்ணாடியின் இரு பரப்பும் இணை. எனவே இரண்டு பிரதிபலிப்பும் ஒரே திசையில் வருகின்றன, கண் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. விலை மலிவான ஒரு கண்ணாடித் துண்டு இப்படி இலவசமாகத் தப்பித்துக்கொள்வதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

நிறம் சிவப்பாக இருப்பதும் காரணத்தோடுதான். இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய உறைப்பதே இல்லை. ஆனாலும் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் மிகக் குறைவாகவே வையுங்கள். புள்ளியின் பளபளப்பில் மங்கலான நட்சத்திரம் மறைந்துபோகும்.

இந்த யோசனையை 1900-ல் முதலில் பதிவு செய்தவர் டப்ளின் நகரத்து ஹோவர்ட் க்ரப், பெரிய பெரிய தொலைநோக்கிகள் செய்தவர். புணேயிலிருந்து 1912-ல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு வந்த 20 அங்குலத் தொலைநோக்கியும் க்ரப் பட்டறையில் பிறந்ததுதான். ஆனால் அவர் இந்தக் கருவியை யோசித்தது துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும். 1918-ல் ஜெர்மன் போர் விமானங்களில் ஏறியது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இருந்தது. தொலைநோக்கி செய்தவர் மூளையில் உதித்த கருவி, பரவலாகத் தொலைநோக்கியின் மேல் ஏற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1970-களின் இறுதியில் அமெரிக்கர் ஸ்டீவ் குஃபெல்ட் டெல்ராடைக் கொண்டுவந்தார். கொல்வதற்குக் குறிபார்க்கப் பணம் உடனே கிடைக்கிறது, வானத்தைக் குறிபார்க்க யாராவது ஒரு ஆர்வலர் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது.

டெல்ராடில் புள்ளிக்குப் பதில் மூன்று வட்டங்கள். அவற்றின் விட்டம் அரை, இரண்டு, நான்கு பாகை. வானத்தின் மேல் அளவுகோல் வைத்த மாதிரி.

ஆனி, ஆடி மாதங்களில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே நல்ல உயரத்தில் விருச்சிகம் நிற்கும். அதன் நடுவில் சிவந்து தெரிவது கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த நட்சத்திரத்தை வானத்தில் கைநீட்டிக் காட்டுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒளியே அங்கிருந்து இங்கு வர ஐந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகும்போது, மைத்துனரைக் கெடுப்பது மட்டும் உடனே வந்துவிடுகிறதாம். போகட்டும். கேட்டைக்கு 1.3 பாகை மேற்கே, தெற்கு பார்த்து நின்றால் வலது பக்கம், எம்4 என்ற கோளக் கொத்து, அதாவது உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம், இருக்கிறது. வட்டங்களின் மையம் கேட்டைக்கு வலப்புறம் இருக்க, கேட்டை இரண்டாம் வட்டத்துக்கும் மூன்றாம் வட்டத்துக்கும் இடையில் உட்காருமாறு குழலைத் திருப்புங்கள். ஐபீஸில் பஞ்சுத் திட்டாகக் கொத்து வந்து நிற்கும்.

வேகா என்கிற அபிஜித் உச்சிக்கு வரும் ஆவணி மாதத்தில் இன்னும் அழகான ஒன்று. வேகாவுக்குத் தெற்கே நான்கு மங்கல் நட்சத்திரங்கள் சின்ன இணைகரமாக நிற்கும். வேகாவிலிருந்து எட்ட இருக்கும் இரண்டும் ஷெலியாக், சுலாஃபத். அவற்றுக்கு இடையே தூரம் கிட்டத்தட்ட சரியாக இரண்டு பாகை! நடு வட்டத்தின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டையும் பொருத்தினால், மோதிர நெபுலா எம்57 (வளைய வடிவ வாயு மேகம்) உள் வட்டத்துக்குள் ஷெலியாக் பக்கம் சற்று ஒதுங்கி இருக்கும். 48 மடங்கில் குவியம் பிசகிய நட்சத்திரம் போலத் தோன்றி ஏமாற்றும். நூறு மடங்குக்குப் போனால் வளையம் தெரியும்.

இதெல்லாம் நடக்க, புள்ளியும் குழலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பகலிலேயே ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியை ஐபீஸின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு குழலை அசைக்காமல், திருகுகளைத் திருப்பிப் புள்ளியை அங்கே வையுங்கள். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சரிசெய்தால் இரவில் பிசகும், ஏனென்றால் புள்ளிக்கும் குழலுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. சூரியன் பக்கம் மட்டும் திரும்பவே கூடாது. இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் மறுபடி சரிபாருங்கள். கொஞ்சம் வேகமாக, ஏனென்றால் நான்கு நிமிடத்தில் வானம் ஒரு பாகை நகர்ந்துவிடும். அரசுப் பள்ளி ஒன்றில் அலமாரியில் கிடந்த தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிகள் புதிதுபோல இருந்தன, இந்தத் திருகுகளை மட்டும் யாரும் தொட்டதே இல்லை. கருவி வாங்க நிதி ஒதுக்குகிறவர்கள், அதை ஆசிரியருக்குச் சொல்லித்தர ஒரு மாலையை ஒதுக்குவதில்லை.

மார்கழிப் பனியில் கண்ணாடி வியர்த்துப் புள்ளி மங்கிப்போகும், அட்டையில் ஒரு மறைப்பு செய்து மாட்டலாம். சென்னை மாதிரி நகரங்களில் வேறு தடை இருக்கிறது. வழிகாட்டி நட்சத்திரமே வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டால் புள்ளியை எதன் மேல் வைப்பது? அங்கே இரண்டு கருவியும் தேவை. தெரிகிற பிரகாச நட்சத்திரத்தின் மேல் புள்ளியை வைத்துவிட்டு, மீதித் தூரத்தைச் சின்னத் தொலைநோக்கி வழியாக நட்சத்திரம் நட்சத்திரமாகக் கடந்து போக வேண்டும்.