எண்டாஸ்கோபி என்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு

இந்த மாதமும் ஒருவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதமே ஆனவர். தீராத நெஞ்செரிச்சலுக்காக எண்டாஸ்கோபிக்குத் தேதி கொடுத்திருந்தோம். "மயக்க ஊசி போட்டுக் குழாய் விடுவார்கள், ரத்தம் கொட்டும்" என்று மைத்துனர் சொன்னாராம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகள் இரண்டையும் ஒரு வாரம் முன்பே தானாக நிறுத்திவிட்டார். பரிசோதனைக்கு வரவேண்டியவர் நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். எல்லோரும் பிழைப்பதில்லை.

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறான எண்ணம் இது. இரைப்பையைப் பார்ப்பதற்கும், துளி சதையைக் கிள்ளிப் பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கும் இந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தத் தேவையில்லை. மயக்க ஊசிக்காகவும் நிறுத்த வேண்டாம். கிள்ளிய இடத்தில் சில சொட்டு ரத்தம் கசியும், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் அங்கேயே கிளிப் போட்டு நிறுத்தலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தியதால் மூளை நாளத்தை அடைத்துவிட்ட ரத்தக்கட்டிக்கு என் கையில் கிளிப் எதுவும் இல்லை.

பெரிய பாலிப்பை (குடலில் வளரும் சதை முளை) அகற்றுவது, பித்தக்குழாய் வாயை வெட்டிக் கல் எடுப்பது போன்றவை வேறு. அப்போதும் ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். குளோபிடோகிரெலை 7 நாள், ரத்தம் மெலிதாக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். அதையும் உங்கள் இதய மருத்துவரும் நாங்களும் பேசித்தான் முடிவு செய்வோம். இதயத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு இடைப்பட்ட நாட்களில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், அவசரமில்லாத பாலிப்பைத் தள்ளிப்போடுவோம்.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். ஆஸ்பிரினை இரண்டு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வாருங்கள், தடையில்லை. அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற, ரத்தம் மெலிதாக்கும் புதிய மாத்திரைகளுக்கு மட்டும், எளிய பரிசோதனையானாலும், அன்று காலை வேளையைத் தவிர்க்கச் சொல்வோம். சர்க்கரை மாத்திரையை என்ன செய்வதென்று முன்கூட்டியே கேளுங்கள்.

இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை: ஆம்' என்று டிக் அடித்துவிட்டு நகராதீர்கள். எதற்காகச் சாப்பிடுகிறார், ஸ்டென்ட் எந்தத் தேதியில் வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

கால் நாளங்களிலும் ரத்தம் உறையும். குடல் பரிசோதனைக்கு மருந்து குடித்து வயிற்றோட்டம் போனவர்கள் உடல் வறண்டு வருகிறார்கள். தெளிந்த நீராகாரத்தைப் பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், தயவுசெய்து குடியுங்கள். புற்றுநோய் உள்ளவர்கள், முன்பே காலில் ரத்தம் கட்டியவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கம் தெளிந்ததும் செவிலியர் நடக்கச் சொன்னால் நடங்கள். அடுத்த நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திராமல் வாருங்கள்.

மாத்திரையை நாங்களே நிறுத்தச் சொல்லியிருந்தால், எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது என்பதைச் சீட்டில் எழுதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். எழுதித்தர மறந்திருந்தால் திரும்ப வந்து கேளுங்கள், எத்தனை கூட்டமிருந்தாலும்.