120 டன் இரும்பும் ஓர் ஆப்பும்

சில வாரங்களுக்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மானிட்டரும் வர்ஜீனியாவும் நான்கு மணி நேரம் சுட்டுக்கொண்டும் ஒன்றை ஒன்று மூழ்கடிக்க முடியவில்லை என்கிறீர்கள். அதே வருடம் இரண்டும் அழிந்தன என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அவற்றை அழித்தது யார்?"

வர்ஜீனியாவை அதன் மாலுமிகளே கொளுத்தினார்கள். மானிட்டரைக் கடல் கொண்டுபோனது. இரண்டு கதைக்கும் அடியில் இருப்பது இரும்பின் எடை.

இரும்புக் கவசம் போட்ட கப்பல் ஏன் மிதக்கிறது என்பது பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் பாடம்தான். நீராவி எஞ்சினும் தெரிந்ததுதான். நேராகப் போர்க்களத்துக்குப் போய்விடலாம்.

அந்தப் போர், பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்தது. 1861 ஏப்ரலில் வடக்குப் படை நார்ஃபோக் கப்பல் தளத்தைக் கைவிட்டபோது, மெரிமாக் என்ற தன் கப்பலுக்குத் தானே தீ வைத்துவிட்டுப் போனது. தெற்கத்தியர் எரியாமல் மிஞ்சிய அடிப்பகுதியைத் தூக்கி, அதன்மேல் ஓட்டு வீட்டுக் கூரைபோல் சரிந்த ஓர் அறையைக் கட்டினார்கள். 24 அங்குல மரம், அதற்கு மேல் 4 அங்குல இரும்பு. அதுதான் வர்ஜீனியா. 1862 மார்ச் 8 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் கம்பர்லண்ட் என்ற மரக்கப்பலை முட்டி மூழ்கடித்தது; காங்கிரஸ் என்ற இன்னொன்றை எரித்தது. அன்றிரவே வடக்கின் இரும்புக் கப்பலான மானிட்டர் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை இரண்டும் மோதின.

குண்டுகள் ஏன் துளைக்கவில்லை? சரிவான இரும்பில் பட்ட குண்டு வழுக்கி மேலே போகும். மானிட்டரின் 11 அங்குல டால்கிரன் பீரங்கிகளில் 15 பவுண்டு வெடிமருந்துக்கு மேல் போடக்கூடாது என்று கட்டளை இருந்தது; பீரங்கியே வெடித்துவிடுமோ என்ற பயம். அதைப்போல இரண்டு மடங்கு போட்டாலும் தாங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மரக்கப்பல்களை எதிர்பார்த்து வந்த வர்ஜீனியாவிடமோ வெடிகுண்டுகள்தான் இருந்தன, கவசத்தை உடைக்கும் கெட்டி இரும்புக் குண்டுகள் இல்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி. மானிட்டரின் சுழல் கூண்டு.

ஸ்வீடனில் பிறந்த பொறியாளர் ஜான் எரிக்சன் வடிவமைத்தது. உள்விட்டம் 20 அடி, உயரம் 9 அடி. ஓர் அங்குலத் தகடுகளை எட்டு அடுக்காகச் சேர்த்த இரும்பு உருளை. உள்ளே இரண்டு பீரங்கிகள். பீரங்கிகளைச் சேர்க்காமலேயே சுமார் 120 டன். இத்தனை எடையை ஒரு கப்பலின் மேல்தளத்தில் எப்படிச் சுழற்றுவது?

திருகைக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்கல் கீழ்க்கல்லின்மேல் முழுதாகப் படிந்திருந்தால் உரசல் அதிகம், சுற்றுவது கஷ்டம். நடு முளையின்மேல் ஒரு மயிரிழை உயர்த்திவிட்டால் விரலாலேயே சுற்றலாம். எரிக்சன் செய்தது இதைத்தான். சாதாரண நேரத்தில் கூண்டு தளத்தில் பதித்த வெண்கல வளையத்தின்மேல் தன் முழு எடையோடு உட்கார்ந்திருக்கும். நடுவில் ஓர் அச்சுத்தண்டு, அதன் அடியில் ஓர் ஆப்பு. சண்டை வந்தால் ஆப்பை இறுக்குவார்கள். தண்டு கொஞ்சம் எழும்பும், கூண்டும் எழும்பும், மொத்த எடையும் தண்டுக்கு மாறும். அப்புறம் சிறு நீராவி எஞ்சின்கள் பற்சக்கரங்கள் வழியே அதைச் சுழற்றும். ஒரு முழுச்சுற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

முதல்முறை இதன் வரைபடத்தைப் பார்த்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூண்டைத் தளத்தோடு பிணைக்கப் போல்ட்டு, கொக்கி எதுவுமே கிடையாது. அதைப் பிடித்து வைத்திருந்தது புவியீர்ப்பு மட்டும்.

சண்டையில் வேறொரு சங்கடம் வந்தது. கடல்நீர் பட்டுத் துருப்பிடித்திருந்த சக்கரங்களைக் கிளப்புவதே பெரும்பாடு, சுற்ற ஆரம்பித்ததை நினைத்த இடத்தில் நிறுத்துவது அதைவிடப் பெரும்பாடு. 120 டன்னின் நிலைமம் அப்படி. கடைசியில் நிறுத்தும் முயற்சியைக் கைவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போதே எதிரி கண்ணில் பட்ட நொடியில் சுட்டார்கள். குண்டு நிரப்பும்போது பீரங்கி வாயை எதிரிக்கு மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

முடிவில்லாமல் இரண்டும் விலகின. இரண்டு மாதத்தில் நார்ஃபோக் வடக்கின் கைக்குப் போனது. வர்ஜீனியாவுக்கு ஒதுங்கத் துறைமுகம் இல்லை. ஜேம்ஸ் ஆற்றில் ஏறித் தப்பலாம் என்றால், கப்பல் நீருக்குள் 22 அடி அமிழ்ந்திருந்தது. ஆறு அவ்வளவு ஆழம் இல்லை. நிலக்கரியையும் பாரங்களையும் தூக்கி எறிந்து கப்பலை மேலே எழும்ப வைத்தார்கள். எழும்பியதும், அதுவரை நீருக்கடியில் பத்திரமாக இருந்த கவசமில்லாத மரப்பகுதி வெளியே தெரிந்தது. இனி அது சண்டைக்கும் உதவாது. மே 11 அன்று கிரேனி தீவருகே தீ வைத்துவிட்டுப் போனார்கள். வெடிமருந்து அறை வெடித்துக் கப்பல் சிதறியது.

மானிட்டரின் முடிவு அந்த ஆப்பிலேயே இருந்தது. கூண்டு தன் எடையாலேயே வளையத்தில் படிந்து நீரைத் தடுக்கும் என்பது எரிக்சனின் கணக்கு. கூண்டின் அடி விளிம்பின் சுற்றளவு ஏறக்குறைய 63 அடி, அதாவது 19 மீட்டர். படிந்தது போக ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்தால், மொத்தமாகப் பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுர ஓட்டை. பம்புகள் சமாளிக்கும். ஆனால் மாலுமிகளுக்கு அந்த இடைவெளியை நம்ப மனம் வரவில்லை. கூண்டை உயர்த்தி, அடியில் கீல் பூசிய நாரைத் திணித்தார்கள். நம் கடற்கரையில் மரப்படகுப் பலகைகளுக்கு இடையே கலப்பற்று அடிப்பார்களே, அதே வேலை. பலகைக்கு நடுவே நார் இறுகும்; அலை மோத மோத அசையும் கூண்டுக்கு அடியில் அது எப்படி நிற்கும்? நார் போன இடத்தில் ஒரு சென்டிமீட்டர் திறந்தாலே பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர் உள்ள சதுர ஓட்டை. மார்ச்சில் தெற்கே வந்த பயணத்திலேயே அலை நாரை அடித்துக்கொண்டு போய், தண்ணீர் அருவியாகக் கொட்டியது. இருந்தும் டிசம்பரில் அதையே மறுபடி செய்தார்கள்.

1862 டிசம்பர் 30 இரவு, வட கரோலினா கடற்கரையின் ஹட்டெராஸ் முனைக்கு அப்பால். ரோட் ஐலண்ட் என்ற கப்பல் இழுத்துச் செல்ல, புயலில் சிக்கியது மானிட்டர். நார் கழன்றது. தண்ணீர் ஏற நிலக்கரி நனைந்தது, நனைந்த கரியால் நீராவி குறைந்தது, நீராவி குறைந்ததால் பம்பு தளர்ந்தது, தண்ணீர் இன்னும் ஏறியது. 31ஆம் தேதி அதிகாலையில் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள்.

தப்பியவர்களில் பிரான்சிஸ் பட்ஸ் என்பவர் பின்னாளில் எழுதினார்: கூண்டுக்குள் ஒரு கறுப்புப் பூனை ஊளையிட்டதாம், பூனையைக் கொல்ல மாலுமிகள் பயப்படுவார்களாம், அதனால் அதைப் பீரங்கிக் குழாய்க்குள் போட்டு மூடினாராம். பூனை எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. இன்றும் இந்தக் கப்பல் என்றால் பூனைக் கதையைச் சொல்பவர்களே அதிகம், அந்த நாரைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சகுனத்தின்மேல் பழி போட்டால் அடுத்த கப்பலிலும் அதே இடத்தில் தண்ணீர் புகும்.

மானிட்டர் கவிழ்ந்தபோது, பிணைப்பு இல்லாத கூண்டு தானாகக் கழன்று தலைகீழாகக் கடல் தரையில் விழுந்தது. கப்பல் அதன்மேல் சாய்ந்தது. 1973இல் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். 2002 ஆகஸ்ட் 5 அன்று கூண்டை மேலே தூக்கினார்கள். உள்ளே இரண்டு மாலுமிகளின் எலும்புக்கூடுகள் இருந்தன. யார் என்று கண்டறிய முடியாமலேயே 2013 மார்ச் 8 அன்று ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

கூண்டு இப்போது வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில், ஒரு பெரிய தொட்டிக்குள் காரக் கரைசலில் கிடக்கிறது. கடலிலிருந்து எடுத்த இரும்பை அப்படியே காயவிட்டால், உள்ளே ஊறிய குளோரைடு அதை ஏடு ஏடாக உரித்துவிடும். அதனால் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி உப்பை வெளியே இழுக்கிறார்கள். இதற்கு வருடக்கணக்கில் ஆகும். 2014இல் கூட்டரசு நிதி போதாமல் அந்த ஆய்வுக்கூடத்தை மூடவேண்டி வந்தது. பின்னர்தான் வேலை தொடர்ந்தது. தோண்டி எடுக்கும் நாளில் கேமராக்கள் வருகின்றன, பணமும் வருகிறது. உப்பு எடுக்கும் பதினைந்தாவது வருடத்தில் யாரும் வருவதில்லை. நம் அகழாய்வுகளில் கிடைக்கும் இரும்புப் பொருட்களுக்கும் இதே கவலை எனக்கு உண்டு. தோண்டும் செலவை ஒதுக்கும் நாளிலேயே பாதுகாக்கும் செலவையும் ஒதுக்கிவிட வேண்டும்.

தொட்டியில் கூண்டு இன்னும் தலைகீழாகவே இருக்கிறது. வர்ஜீனியாவின் குண்டுகள் பட்டுக் குழிந்த இடங்கள் அதில் அப்படியே தெரிகின்றன.