நீலமாகிப்போன கத்தரிக்காய்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் ஓவிய அறையில் நான் வரைபவை பெரும்பாலும் மேசைமேல் வைத்த பொருள்களே: கரிகிரிச் சாடி, பித்தளைச் செம்பு, இலவம்பாடி முள் கத்தரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்தரிக்காயை விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டில் வாங்கி வந்தால், பத்து மணிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அதற்குமேல் வெயில் காலத்தில் காம்பு சுருண்டு, தோலின் மினுமினுப்பும் மங்கிவிடும். ஆகவே தூரிகையை எடுக்கும் முன், ஒளி படும் இடம், நடுநிறம், நிழல் ஆகிய மூன்றுக்கும் வண்ணம் கலந்து, சிறிய அட்டையில் தடவி, காயின் அருகிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஓவியம் முடிந்ததும் அந்த அட்டை குறிப்பேட்டில் ஒட்டப்பட்டு அலமாரிக்குள் போய்விடும்.

அந்த அட்டைகளில் ஒன்றுதான் என் தொழிலில் இருந்த பெரிய குறையை எனக்குக் காட்டியது. குடியாத்தத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நீர்வண்ணத்தில் ஒரு கத்தரிக்காய்க் கூடையை வரைந்து கொடுத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்துப் போனபோது, "கொடுக்கும்போது ஊதாவா இருந்துச்சே தம்பி, இப்ப நீலமா நிக்குது பாரு" என்றார். அடுத்த முறை குறிப்பேட்டை எடுத்துச் சென்று அட்டையை ஓவியத்தின் அருகில் வைத்தேன். இருட்டில் இருந்த அட்டை ஊதாவாகவே இருந்தது. சாளரத்துக்கு எதிரே மாட்டியிருந்த ஓவியத்தில் சிவப்பு முழுவதும் போய், அல்ட்ராமரின் நீலம் மட்டும் எஞ்சியிருந்தது.

நான் கலந்த சிவப்பு அலிசரின் கிரிம்சன். நம் சாயவேரிலும் இருக்கும் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினர். அதிலிருந்து செய்யப்படும் அந்த நிறமி கண்ணைக் கவரும் ஆழம் உடையது, ஆனால் மெல்லிய பூச்சில் ஒளியைத் தாங்காது. ஒளி, நிறமியின் மூலக்கூறுகளை உடைக்கிறது. பூச்சு மெலிதாக இருந்தாலும், வெள்ளையோடு கலந்திருந்தாலும் அங்கே நிறமி குறைவு என்பதால் வெளுப்பது உடனே தெரிகிறது. டச்சு ஓவியர் வான் கோ 1888இல் வரைந்த தம் படுக்கையறையின் சுவர்களை வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்; இன்று அவை நீலமாகத் தெரிவதற்கும் சிவப்பு வெளுத்ததே காரணம். அதே 1888இல்தான் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர், நீர்வண்ணங்களை ஒளி எப்படி மாற்றுகிறது என்று சோதித்து அறிக்கை வெளியிட்டனர். இத்தனை காலமாகத் தெரிந்திருந்த ஒன்றைக் கவனிக்காமல் நான் ஓவியங்களை விற்று வந்திருக்கிறேன் என்பது என்னை மிகவும் வருத்தியது.

அதன்பின் என்னிடம் இருந்த 12 வண்ணங்களையும் நானே சோதித்தேன். ஒவ்வொன்றையும் கெட்டியாகவும், நீர்த்தும், வெள்ளை கலந்தும் அட்டையில் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குச் சாளரக் கண்ணாடிக்கு உட்புறம் தை மாதம் ஒட்டினேன். ஆடியில் தாளைப் பிரித்தபோது, அலிசரினின் கெட்டிப் பூச்சு ஓரளவு நின்றிருந்தது. நீர்த்த பூச்சு கறைபோல மட்டுமே தெரிந்தது. நிறமியின் பெயரே அச்சிடாத மலிவான ஊதா ஒன்று இரண்டாம் மாதமே சாம்பல் நிறமாகியிருந்தது. மஞ்சள் காவி, செங்காவி, அல்ட்ராமரின், ஊதா சாயல் கொண்ட சிவப்பான குயினாக்ரிடோன் ஆகியவற்றில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. சாதாரண சாளரக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை உள்ளே விடுகிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெளுக்கச் செய்கிறது. ஆகவே ஓவியத்துக்குச் சட்டமிட்டுக் கண்ணாடி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

வண்ணம் வாங்கும்போது குழாயின் முன்புறம் இருக்கும் அழகான பெயரை நம்பாமல், பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.ஆர். 83 என்றால் அலிசரின், பி.வி. 19 என்றால் குயினாக்ரிடோன், பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஒளித்தாங்கு தரம் அச்சிட்டிருந்தால் முதல் இரண்டு நிலைகளில் இருப்பவற்றையே விற்கும் ஓவியங்களுக்குப் பயன்படுத்துங்கள். குறியீடே இல்லாத வண்ணத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல வண்ணம் விலை கூடுதல் என்பது உண்மைதான். மாணவர்களிடம் நான் சொல்வது, 24 வண்ணப் பெட்டி வேண்டாம், இரண்டு காவி, ஒரு நீலம், ஒரு குயினாக்ரிடோன், ஒரு நல்ல மஞ்சள் ஆகிய ஐந்து போதும் என்பதே. கத்தரிக்காயின் ஊதா அந்த நீலத்திலும் குயினாக்ரிடோனிலும் முழுமையாகக் கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓவியருக்கு வடக்குச் சாளரமே சிறந்தது, அங்கே நேர்வெயில் படாது என்று ஐரோப்பிய வழக்கத்தை ஒட்டி நமக்கும் கற்பிக்கிறார்கள். வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் என் வடக்குச் சாளரத்திலும் வெயில் இறங்குவதால் வெள்ளை வேட்டித் துணியைத் திரையாகக் கட்டுகிறேன். வீட்டில் ஓவியம் மாட்டுவோரும் திசையை மட்டும் நம்பாமல், ஒரு விடுமுறை நாள் முழுவதும் அந்தச் சுவரில் வெயில் எங்கெங்கே நகர்கிறது என்று பார்த்துவிட்டு ஆணி அடிப்பது நல்லது.

அக்காவுக்கு அதே கூடையைச் சென்ற ஆண்டு பி.வி. 19ஐக் கொண்டு மறுபடி வரைந்து கொடுத்தேன். பயன்படுத்திய நிறமிகளின் குறியீடுகளையும் தேதியையும் சட்டத்தின் பின்புறம் எழுதினேன். வண்ண அட்டைகள் இரண்டு செய்து, ஒன்றை உறையிலிட்டு அதே இடத்தில் ஒட்டியிருக்கிறேன். ஓவியம் இப்போது வெயில் எட்டாத உள்கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் உறையைத் திறந்து அட்டையை அருகில் வைத்துப் பார்ப்பதாக அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்.