மினியேச்சர் என்ற சொல்லுக்குள் இருக்கும் செந்தூரம்

மேசைமேல் விளையாடும் போர் விளையாட்டுகளில் படைவீரர்களாக நிற்கும் விரலளவுப் பொம்மைகளுக்கு மினியேச்சர் என்று பெயர். பழகியவர்கள் இன்னும் சுருக்கி மினி என்பார்கள். பூதம், மந்திரவாதி, எலும்புக்கூட்டுப் படை, சிறகு விரித்த நாகம் என்று மாயக்கதைகளின் உலகமே அதில் உண்டு. பெரும்பாலும் 28 மி.மீ. அளவில் வருகின்றன. இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் இந்தப் பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சொல்லின் வேரைத் தேடிப் போனால் அங்கே அளவைப் பற்றிய பேச்சே இல்லை. வண்ணம்தான் இருக்கிறது.

லத்தீனில் மினியம் என்பது சிவப்பு வண்ணப்பொடி. முதலில் சாதிலிங்கத்தையும், பிறகு ஈயத்தைச் சுட்டு எடுக்கும் செந்தூரத்தையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். அச்சு இயந்திரம் வருவதற்கு முன், ஐரோப்பிய மடங்களில் நூல்களைக் கையால் படியெடுத்தபோது தலைப்பெழுத்துகளைச் செந்தூரத்தால் தீட்டுவது வழக்கம். அப்படித் தீட்டுவதைக் குறித்த சொல்லிலிருந்து இத்தாலியத்தில் மினியாத்துரா பிறந்தது. ஏட்டில் தீட்டிய ஓவியம் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்குப் போனது. ஏட்டுப் பக்கத்துக்குள் அடங்கும் ஓவியம் சிறியதாகத்தானே இருக்கும்? அதோடு, குறைவைக் குறிக்கும் மினுஸ் என்ற லத்தீன் சொல்லின் ஒலியும் ஒத்துப்போயிற்று. நாளடைவில் செந்தூரம் மறந்துபோய், சிறுமை மட்டும் தங்கிவிட்டது. நம் ஊர் மினி பஸ்ஸின் முன்னொட்டும் இந்த மினியேச்சரை வெட்டி எடுத்ததுதான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இங்கிலாந்தின் நியூவார்க்கில் 1979இல் சிட்டடல் மினியேச்சர்ஸ் நிறுவனம் தொடங்கிய காலத்தில், இந்தப் பொம்மைகளை ஈயம் கலந்த உலோகத்தில்தான் வார்த்தார்கள். ஈயத்திலிருந்து வந்த வண்ணத்தின் பெயர், சுற்றிச் சுழன்று ஈயப் பொம்மைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்.

வேர்ப்பொருள் இன்றும் பொய்க்கவில்லை. பெட்டியைத் திறந்தால் வெறும் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருக்கும். ஒட்டி, தீட்டிய பிறகே அவற்றுக்கு உயிர் வருகிறது. இங்கேதான் புதியவர்கள் அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். ஒரு படைக்கு 30, 40 பொம்மைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் மயிரிழைத் தூரிகையால் தீட்ட வேண்டுமோ என்ற மலைப்பு. அப்படி ஒன்றும் இல்லை.

முதல் பொம்மையாக எலும்புக்கூட்டு வீரனை எடுங்கள். வார்ப்பு விளிம்புகளைக் கத்தியால் சுரண்டிவிட்டு, எலும்பு நிறத்தில் அடிப்பூச்சைத் தெளித்து உலர விடுங்கள். பிறகு நீர்த்த பழுப்பு வண்ணத்தை உடல் முழுவதும் தடவுங்கள். விலா எலும்புகளின் இடுக்கிலும் கண்குழியிலும் அது தானே ஓடிப்போய்த் தேங்கும். மேடுகளில் மெல்லிய படலமாக மட்டும் நிற்கும். இருளும் ஒளியும் பிரிந்து, மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வந்த எலும்பாகவே தெரியும். ஆங்கிலத்தில் வாஷ் எனப்படும் இதற்குக் 'கழுவல்' என்பது பொருந்தாது. எதுவும் கழுவப்படுவதில்லை, நிழல்தான் விழுகிறது. நிழற்பூச்சு என்று சொல்வேன். அது நன்றாக உலர்ந்ததும், வெளிர்வண்ணம் தோய்த்த தூரிகையைத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, பொம்மையின் மேல் லேசாக முன்னும் பின்னும் உரசுங்கள். மண்டை ஓட்டின் உச்சியும் விரல் கணுக்களும் மட்டும் வெளிச்சம் வாங்கும். கடைசியாக வாளுக்கும் கேடயத்துக்கும் ஒவ்வொரு வண்ணம். கண் வரைய வேண்டிய கவலையே இல்லை. நிழற்பூச்சு அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது.

2019இல், இவ்வகைப் பொம்மைகளைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் கான்ட்ராஸ்ட் என்ற வண்ண வரிசையை வெளியிட்டது. அடிவண்ணமும் நிழலும் ஒரே பூச்சில் வரும்படி செய்த வண்ணங்கள் இவை. வெளிர்நிற அடிப்பூச்சின் மேல் ஒருமுறை தடவினால் போதும். தொடங்குகிறவர்களுக்குப் பெரிய உதவி.

சரி, மினியேச்சருக்குத் தமிழில் என்ன சொல்வது? சிற்றுருவம் என்றால் அளவு மட்டுமே வருகிறது. நுண்ணோவியம், சிற்றோவியம் ஆகியவை முகலாய, ராஜபுத்திர ஓவியங்களைப் போலத் தட்டையாகத் தீட்டியவற்றுக்கே உரியவை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் உருவத்துக்குப் பாவை என்ற சொல் இருக்கிறது. 407ஆம் குறளில் 'மண்மாண் புனைபாவை' என்று வருகிறது. நுண்ணறிவு இல்லாதவனின் வெறும் அழகைக் கடிந்துரைக்கும் குறள்தான் அது. ஆனாலும் அழகுபடுத்திய மண்பொம்மைக்கு அது தரும் பெயரில் ஒரு குறையும் இல்லை.

புனைதல் என்றால் அணிசெய்தல், உருவாக்குதல், தீட்டுதல். கற்பனையாகக் கதை கட்டுவதும் புனைதல்தான். புனைவு என்ற சொல் அங்கிருந்தே வருகிறது. மாயக்கதையிலிருந்து வந்து தூரிகையால் அழகுபெறும் பொம்மைக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தெரியவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோது அது குறும்பாவை. வண்ணம் உலர்ந்து மேசையில் ஏறும்போது புனைபாவை.